பூஜ்யமா, காலிக் கட்டமா? அமெரிக்கக் கால்பந்து டிஃபென்டர்களை எடை போட்ட கதை

இந்த எபிசோட்ல கொஞ்சம் தூரமா போறோம். அமெரிக்கக் கால்பந்து. பேருதான் கால்பந்து, ஆனா பந்தை உதைக்கிறதைவிட கையில அணைச்சுக்கிட்டு ஓடுறதும் எறியறதும்தான் அதிகம். ஆட்டத்தைப் பார்த்ததே இல்லைன்னாலும் பரவாயில்லை, நாலு விஷயம் தெரிஞ்சா போதும். ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்து யார் கையில இருக்கோ அந்த டீம் 'அஃபென்ஸ்', அவங்களைத் தடுக்கிற டீம் 'டிஃபென்ஸ்'. பந்தை எறியற ஆளுக்குப் பேர் குவார்ட்டர்பேக். அவர் எறியறதுக்கு முன்னாடியே டிஃபென்ஸ் ஆள் அவரைப் பிடிச்சுக் கீழே தள்ளிட்டா 'சாக்'. எறிஞ்ச பந்தை நடுவுல புகுந்து பறிச்சா 'இன்டர்செப்ஷன்'.

வருஷா வருஷம் ஏப்ரல்ல என்.எஃப்.எல்.ங்கிற அந்த லீக்கோட 32 டீமும் கல்லூரிப் பசங்களை வரிசையா தேர்வு பண்ணும். இதுதான் 'டிராஃப்ட்'. போன சீசன்ல கடைசியா வந்த டீமுக்குத்தான் முதல் வாய்ப்பு. எடுக்கிற பசங்களுக்கு வயசு 21, 22 இருக்கும். அந்த வயசுல ஒருத்தன் கல்லூரியில ஆடுறதைப் பார்த்து, இவன் தொழில்முறை ஆட்டத்துல நிப்பானான்னு சொல்லணும். இதுலயும் டிஃபென்ஸ் பசங்களைச் சொல்றது ஒரு தனிக் கஷ்டம். அதோட வரலாறுதான் இன்னைக்கு நம்ம விஷயம்.

அப்படி என்ன கஷ்டம்? அஃபென்ஸ் ஆளுக்குத் தான் எங்க ஓடப்போறோம்னு முன்னாடியே தெரியும். டிஃபென்ஸ் ஆளுக்குத் தெரியாது. எதிராளி அசைஞ்ச பிறகு அரை விநாடிக்குள்ள புரிஞ்சுக்கிட்டு அவன் அசையணும். இன்னொண்ணு, அவன் வேலையை நல்லா செஞ்சா ஒண்ணுமே நடக்காது. ஒரு கார்னர்பேக் தன் ஆளை ஒட்டிக்கிட்டே நின்னான்னு வைங்க, குவார்ட்டர்பேக் அந்தப் பக்கம் பந்தை எறியவே மாட்டார். மேட்ச் முடிஞ்சு கணக்குத் தாளைப் பார்த்தா அவன் பேருக்கு நேரா எதுவும் இருக்காது.

டேட்டாபேஸ்ல வேலை பார்க்கிறவங்களுக்கு இது பழகின தலைவலி. பூஜ்யம் வேற, காலிக் கட்டம் வேற. பூஜ்யம்னா அளந்தோம், ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். காலிக் கட்டம்னா அளக்கவே இல்லைன்னு அர்த்தம். காலியை பூஜ்யமா எடுத்துக்கிட்டா ரிப்போர்ட் முழுக்கத் தப்பாயிடும். கடந்த 90 வருஷ டிராஃப்ட் வரலாற்றைப் படிக்கும்போது எனக்குத் திரும்பத் திரும்பத் தெரிஞ்சது இந்த ஒரு குழப்பம்தான். காலியா இருந்த கட்டத்தை பூஜ்யம்னு படிச்சு எத்தனையோ பேரைத் தள்ளிவிட்டிருக்காங்க.

கரும்பலகையில 90 பேர்

டிராஃப்ட் யோசனை பெர்ட் பெல்ங்கிற ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் டீம் உரிமையாளரோடது. பணக்கார டீம்களே நல்ல பசங்களை எல்லாம் அள்ளிட்டுப் போறாங்க, எங்களை மாதிரி தோத்துக்கிட்டே இருக்கிற டீம் எப்படி மேல வர்றதுன்னு 1935ல கேட்டார். மத்தவங்க ஒத்துக்கிட்டாங்க. 1936 பிப்ரவரி 8, ஃபிலடெல்ஃபியா ரிட்ஸ் கார்ல்டன் ஹோட்டல். பலகையில 90 பேர் எழுதியிருந்தது. 9 டீம், ஆளுக்கு 9 சுற்று, மொத்தம் 81 தேர்வு.

அந்த 90 பேர் எங்கிருந்து வந்தது? அப்போ எந்த டீமிலும் ஆள் தேடுறதையே முழுநேர வேலையா பார்க்கிற ஸ்கவுட் கிடையாது. பத்திரிகையில வந்தது, யாரோ சொல்லிக் கேட்டது, அவ்வளவுதான். முதல் ஆளா தேர்வான ஜே பெர்வாங்கர் கடைசி வரைக்கும் என்.எஃப்.எல்.ல ஒரு மேட்ச்கூட ஆடலை. லீக் தர்ற சம்பளத்தைவிட வெளி வேலையே மேல்னு ரப்பர் கம்பெனியில விற்பனை வேலைக்குப் போயிட்டார்.

அந்தப் பலகையில இல்லாத பேர்களையும் யோசிக்கணும். 1934ல இருந்து 1945 வரைக்கும் என்.எஃப்.எல்.ல ஒரு கறுப்பின வீரர்கூட ஆடலை. டிராஃப்ட்ல முதல் கறுப்பின வீரர் தேர்வானது 1949லதான். முதல் 13 வருஷம் அந்தக் கட்டம் முழுக்க வேணும்னே காலியா வைக்கப்பட்டிருந்தது.

'டிஃபென்டர்'னு தனியா ஒரு தொழிலே அப்போ இல்லைங்கிறதும் ஞாபகம் இருக்கட்டும். அதே 11 பேர்தான் தாக்கவும் செய்வாங்க, தடுக்கவும் செய்வாங்க. எத்தனை முறை வேணும்னாலும் ஆளை மாத்தலாம்ங்கிற விதியை 1950ல லீக் நிரந்தரமாக்கின பிறகுதான் தடுக்கிறதுக்குன்னே தனி ஆட்கள் வந்தாங்க. ஆனா கல்லூரி ஆட்டத்துல 1953ல இருந்து 1964 வரைக்கும் ஆள் மாத்துறதுக்குக் கட்டுப்பாடு இருந்தது. அதனால ஸ்கவுட் வேலை இன்னும் சிக்கலாச்சு. ரெண்டு வேலையும் பார்க்கிற பையனைப் பார்த்து, இவன் ஒரு வேலையை மட்டும் பார்த்தா எப்படி இருப்பான்னு ஊகிக்கணும்.

வேற ஆளைத் தேடும்போது கண்ல பட்டவர்

1940கள்ல லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் டீம் எடி கோட்டல்ங்கிறவரை முழுநேர ஸ்கவுட்டா வெச்சது. இந்த வேலையைத் தொழிலா செஞ்ச முதல் ஆட்கள்ல அவர் ஒருத்தர். ஊர் ஊரா சுத்துவார். மத்தவங்க எட்டிக்கூடப் பார்க்காத சின்னக் கல்லூரிகளுக்கும், கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரிகளுக்கும் போவார். தெற்கு மாநிலங்கள்ல பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பின வீரர்களைச் சேர்த்துக்காத காலம் அது. அதனால அந்தச் சின்னக் கல்லூரிகள்லதான் திறமை குவிஞ்சு கிடந்தது.

1961ல ராம்ஸ் ஸ்கவுட்கள் ஒரு மேட்ச் ஃபிலிமை ஓடவிட்டுப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. அவங்க தேடினது பந்தோட ஓடுற ஒரு ஆளை. ஆனா ஃபிலிம்ல இன்னொருத்தர் கண்ணை இழுத்தார். பெரிய உடம்போட லைன்ல நிக்கிற ஆள், வேகமா ஓடவேண்டியவங்களையே முந்தி ஓடிக்கிட்டிருந்தார். அவர்தான் டீக்கன் ஜோன்ஸ். 14வது சுற்றுல எடுத்தாங்க. 'சாக்'ங்கிற வார்த்தையைப் பரப்பினவரே அவர்தான், 1980ல ஹால் ஆஃப் ஃபேம்ல சேர்ந்தார்.

இதுல ஒரு வேடிக்கை. சாக்கை லீக் அதிகாரபூர்வமா எண்ண ஆரம்பிச்சது 1982ல. ஜோன்ஸ் ஓய்வு பெற்றது 1974ல. அதனால சாக்குக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவரோட அதிகாரபூர்வக் கணக்குல ஒரு சாக்கூட கிடையாது. அப்புறம் ஆராய்ச்சியாளர்கள் பழைய ஃபிலிம்களையும் ஆவணங்களையும் தோண்டி எண்ணிப் பார்த்தப்போ 170ஐத் தாண்டிச்சு.

அலிகர்ல படிச்ச புள்ளியியல்காரர்

1960கள்ல டல்லஸ் கௌபாய்ஸ் புது டீம். அதோட மேலாளர் டெக்ஸ் ஷ்ராம் முன்னாடி டிவியில வேலை பார்த்தவர். 1960 குளிர்கால ஒலிம்பிக்ஸ்ல ஐ.பி.எம். கம்ப்யூட்டர் முடிவுகளைக் கணக்குப் போடுறதைப் பார்த்துட்டு, இதை வெச்சு ஆள் தேர்வு பண்ண முடியாதான்னு யோசிச்சார். ஐ.பி.எம். துணை நிறுவனத்துல இருந்து இந்த வேலைக்கு வந்தவர் சலாம் குரேஷி. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்துல படிச்ச இந்தியர், புள்ளியியல் ஆள். அமெரிக்கக் கால்பந்து அவருக்குச் சுத்தமா தெரியாது. டீம்ல இருந்த கோச்களுக்குக் கம்ப்யூட்டர் சுத்தமா தெரியாது.

அவர் முதல்ல செஞ்சது நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச வேலைதான். உங்களுக்கு என்ன வேணும்னு தெளிவா சொல்லுங்கன்னு உட்கார்ந்து கேட்டார். நல்ல ஆட்டக்காரன்னா யாருன்னு கோச்கள் நூத்துக்கணக்குல குணங்களை அடுக்கினாங்க. அதைக் குறைச்சுக் குறைச்சு 5ல கொண்டு வந்து நிறுத்தினாங்க: குணம், வேகமும் உடல் கட்டுப்பாடும், போட்டி மனப்பான்மை, மூளைச் சுறுசுறுப்பு, பலமும் வெடிப்பும். ஸ்கவுட்கள் 'பையன் பிரமாதம்'னு கடிதம் எழுதுறதை விட்டுட்டு ஒவ்வொண்ணுக்கும் எண் போடணும். கௌபாய்ஸோட சான் ஃபிரான்சிஸ்கோவும் லாஸ் ஏஞ்சலஸும் சேர்ந்து இந்தச் செலவைப் பங்கு போட்டுக்கிட்டாங்க.

இந்த முறையோட பெரிய லாபம், ஆள் மேல இருக்கிற மயக்கத்தை இது குறைச்சது. பிரபலமான கல்லூரிங்கிறதுக்காகவோ தலைப்புச் செய்திக்காகவோ தனி மார்க் கிடையாது. ஆனா கம்ப்யூட்டருக்கு உள்ளே போறது ஸ்கவுட் எழுதின எண். ஸ்கவுட் போகாத ஊருக்கு எண்ணே வராது. 'குணம்'ங்கிற அந்த முதல் கட்டத்தையே எடுத்துக்கோங்க. அதுல பையனோட குணம் எவ்வளவு, பார்க்கிறவரோட மனசு எவ்வளவுன்னு எப்படிப் பிரிக்கிறது? கருவி எவ்வளவு நல்லதா இருந்தாலும் உள்ளே போறதைத்தானே அது வரிசைப்படுத்தும்.

அதே டல்லஸ் டீம் 1962ல கார்னெல் கிரீன்ங்கிற பையனைப் பிடிச்சுட்டு வந்தது. அவர் கல்லூரியில ஆடினது கூடைப்பந்து மட்டும்தான், கல்லூரிக் கால்பந்தே ஆடலை. எந்தப் பட்டியல்லயும் இருக்க வாய்ப்பே இல்லாத ஆள். 13 சீசன் டிஃபென்ஸ்ல நின்னார்.

பத்திரிகைக்காரர் கையில இருந்த பட்டியல்

அடுத்து பிட்ஸ்பர்க். ஸ்டீலர்ஸ் டீம் அப்போ பல வருஷமா தோல்வி டீம். அதே ஊர்ல பிட்ஸ்பர்க் கூரியர்ங்கிற கறுப்பினப் பத்திரிகையில விளையாட்டுப் பக்கத்தைப் பார்த்தவர் பில் நன். கறுப்பினக் கல்லூரிகள்ல யார் நல்லா ஆடுறாங்கன்னு வருஷா வருஷம் ஒரு பட்டியல் போடுவார். அந்தக் கல்லூரி கோச்கள் எல்லாரும் அவருக்குப் பழக்கம். ஆனா பக்கத்துல இருக்கிற ஸ்டீலர்ஸ் தன்னைக் கண்டுக்கிறதே இல்லைங்கிற கோபம் அவருக்கு. அதைக் கேள்விப்பட்ட உரிமையாளர் குடும்பத்து டான் ரூனி அவரைக் கூப்பிட்டுப் பேசினார். 1960களோட கடைசியில நன் அந்த டீமுக்கே ஸ்கவுட் ஆனார்.

அதுக்கப்புறம் வந்த டிஃபென்ஸ் ஆட்களைப் பாருங்க. 1969ல 10வது சுற்று, எல்.சி. கிரீன்வுட். 1970ல 3வது சுற்று, மெல் ப்ளவுன்ட். 1971ல 8வது சுற்று, எர்னி ஹோம்ஸ். 1974ல டோனி ஷெல். அந்த வருஷம் 17 சுற்று நடந்தது, எந்த டீமும் ஷெல்லை எடுக்கலை. டிராஃப்ட் முடிஞ்ச பிறகு ஸ்டீலர்ஸ் ஒப்பந்தம் போட்டது. அவர் பறிச்ச இன்டர்செப்ஷன் மொத்தம் 51. நாலு பேரும் கறுப்பினக் கல்லூரிப் பசங்க. 1974ல இருந்து 1979க்குள்ள ஸ்டீலர்ஸ் 4 சூப்பர் பௌல் ஜெயிச்சது.

நன் கையில புது விஞ்ஞானம் எதுவும் கிடையாது. மத்த டீம்களோட தாள்ல காலியா இருந்த கட்டங்கள் அவர் தாள்ல ஏற்கனவே நிரம்பியிருந்தது, அவ்வளவுதான். இத்தனைக்கும் அவரே ஹால் ஆஃப் ஃபேம்ல சேர்ந்தது 2021லதான், இறந்து சில வருஷம் கழிச்சு.

1981: ஒரே வருஷத்துல எல்லாமே

ஒரே ஒரு டிராஃப்டை மட்டும் படிக்கணும்னா நான் 1981ஐச் சொல்வேன். அந்த வருஷம் 2வது ஆளா வந்தவர் லாரன்ஸ் டெய்லர். புதுசா வந்த அந்த முதல் சீசன்லயே லீக்கோட சிறந்த டிஃபென்ஸ் வீரர் விருதை வாங்கிட்டார். 4வது கென்னி ஈஸ்லி, 8வது ரானி லாட். மூணு பேருமே ஹால் ஆஃப் ஃபேம். அதனால கணிப்பெல்லாம் சும்மான்னு சொல்ல முடியாது. எல்லார் கண்ணுக்கும் தெரியற திறமையை எல்லாரும் சரியாத்தான் பார்க்கிறாங்க.

கொஞ்சம் கீழே வருவோம். 38வது மைக் சிங்கிள்டரி, 48வது ஹோவி லாங், 51வது ரிக்கி ஜாக்சன். இவங்களும் ஹால் ஆஃப் ஃபேம்தான். அந்த இடைவெளியில எத்தனை டீம் இவங்களைத் தாண்டிப் போச்சுன்னு எண்ணிப் பாருங்க.

இன்னும் கீழே போனா, 12 சுற்று முடிஞ்சும் பேரே வராத ரெண்டு பேர். ஒருத்தர் எவர்சன் வால்ஸ். கல்லூரியில இன்டர்செப்ஷன்ல முன்னணியில இருந்தவர். ஆனா 40 கஜ ஓட்டத்துல மெதுவா ஓடினார்னு யாரும் எடுக்கலை. சொந்த ஊர் டீமான டல்லஸ் கடைசியில கூப்பிட்டது. முதல் சீசன்லயே 11 இன்டர்செப்ஷன், லீக்லயே அதிகம். அந்தப் பட்டியல்ல மொத்தம் 3 முறை முதலிடம் வந்தார்.

இன்னொருத்தர் சாம் மில்ஸ். மான்ட்கிளேர் ஸ்டேட்ங்கிற சின்னக் கல்லூரி, உயரம் 5 அடி 9 அங்குலம். லைன்பேக்கருக்கு இது ரொம்பக் குள்ளம்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க. கிளீவ்லாந்து டீம் முகாமுக்குக் கூப்பிட்டு வெளியே அனுப்பிடுச்சு. கனடாவுக்குப் போனார், அங்கேயும் அதே கதை. ஊர் திரும்பிப் பள்ளிக்கூடத்துல வாத்தியார் வேலை பார்த்தார். யு.எஸ்.எஃப்.எல்.னு ஒரு புது லீக் 1983ல ஆரம்பிக்காம இருந்திருந்தா கதை அங்கேயே முடிஞ்சிருக்கும். அந்த லீக்ல ஜொலிச்ச பிறகு, அங்கே அவருக்குக் கோச்சா இருந்த ஜிம் மோரா 1986ல நியூ ஆர்லியன்ஸுக்குப் போகும்போது அவரையும் கூட்டிட்டுப் போனார். 5 முறை ப்ரோ பௌல். 2005ல புற்றுநோயில இறந்தார். 2022ல ஹால் ஆஃப் ஃபேம்.

சாம் மில்ஸை நாம இன்னைக்குப் பேசுறோம், ஏன்னா அவருக்கு இன்னொரு கதவு திறந்தது. அது திறக்காத சாம் மில்ஸ்கள் எத்தனை பேர்? அந்தக் கணக்கு எந்தத் தாள்லயும் இல்லை.

பரீட்சைக்குத் தயாரான பையன்

1982ல இருந்து பசங்களை ஒரே இடத்துல கூட்டிச் சோதிக்கிற முகாம் ஆரம்பிச்சது. இதுதான் 'கம்பைன்'. முதல் முகாம் டாம்பாவுல, 163 பேர். ஆரம்ப நோக்கம் மருத்துவப் பரிசோதனை. ஒவ்வொரு டீமும் ஒரே பையனைத் தனித்தனியா ஆஸ்பத்திரிக்கு இழுக்க வேண்டாமேன்னுதான். அப்புறம் 40 கஜ ஓட்டம், 102 கிலோ பாரத்தை எத்தனை தடவை தூக்குறான், எவ்வளவு உயரம் குதிக்கிறான்னு எல்லாமே பெரிய விஷயமாயிடுச்சு.

எது பரீட்சைன்னு தெரிஞ்சுட்டா அதுக்கு மட்டும் படிக்கலாம், இல்லையா? 1995ல பாஸ்டன் காலேஜ் மைக் மாமுலா அதைத்தான் செஞ்சார். கம்பைன்ல என்னென்ன கேப்பாங்களோ அதையே திரும்பத் திரும்பப் பயிற்சி எடுத்துட்டுப் போய் எல்லாரையும் அசத்தினார். ஃபிலடெல்ஃபியா டீம் தன் 12வது இடத்தோட இன்னும் சில தேர்வுகளையும் டாம்பாகிட்டக் கொடுத்து, 7வது இடத்துக்கு ஏறி அவரை எடுத்தது. மாமுலா மோசம்னு சொல்ல முடியாது. 31.5 சாக், காயத்தால சீக்கிரம் ஓய்வு. ஆனா டாம்பா அந்த 12வது இடத்துல எடுத்தது வாரன் சாப்பை, அவர் ஹால் ஆஃப் ஃபேம்.

2008ல வெர்னன் கோல்ஸ்டன். கம்பைன்ல 102 கிலோவை 37 தடவை தூக்கினார். நியூயார்க் ஜெட்ஸ் 6வது ஆளா எடுத்தது. 3 சீசன் ஆடியும் ஒரு சாக்கூட இல்லை. இதுக்கு நேர் எதிரா 2003ல டெரல் சக்ஸ். கல்லூரியில ஒரே சீசன்ல 24 சாக், அது சாதனை. ஆனா சோதனை ஓட்டத்துல மெதுவா ஓடிட்டார்னு 10வது இடம் வரைக்கும் இறங்கினார். தொழில்முறையில 139 சாக். ஓடுற வேகத்தை அளந்தவங்க, எதிராளியோட அசைவைப் படிக்கிற வேகத்தை அளக்கலை.

இதுல என்னை உறுத்துற விஷயம் வேற. முதல் சுற்றுல வந்தவருக்கு 3 சீசன் பொறுமை கிடைக்குது. பட்டியல்ல இல்லாதவருக்கு ஒரு முகாம். முதல்ல போட்ட எண் தப்பா இருந்தாலும், அப்புறம் கிடைக்கிற வாய்ப்பு அந்த எண்ணைப் பொறுத்துத்தான். ஜேம்ஸ் ஹாரிசன் 2002ல டிராஃப்ட்ல தேர்வாகலை, டீம்கள் அவரைத் திரும்பத் திரும்ப வெளியே அனுப்பினாங்க. 2008ல சிறந்த டிஃபென்ஸ் வீரர் விருதை வாங்கினார். ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து நிக்கிற வசதியும் பிடிவாதமும் எல்லாருக்கும் இருக்காது.

52 சதவீதம்

பொருளாதார நோபல் வாங்கின ரிச்சர்ட் தேலரும் கேட் மாஸியும் டிராஃப்டை ஆராய்ச்சி பண்ணாங்க. ஒரே பொசிஷன்ல அடுத்தடுத்து தேர்வான ரெண்டு பேர்ல, முன்னாடி எடுக்கப்பட்டவர் மேலா ஆடுற வாய்ப்பு எவ்வளவு? சுமார் 52 சதவீதம். காசு சுண்டினா 50. இவ்வளவு ஃபிலிம், இவ்வளவு சோதனை, இவ்வளவு ஸ்கவுட் எல்லாம் சேர்ந்து அந்த ரெண்டு பேருக்கு நடுவுல வாங்கித் தர்றது 2 சதவீதம். அவங்க டீம்களுக்குச் சொன்னது இதுதான்: ஒரே ஆளைப் பிடிக்க மேல ஏறிப் போய் விலை கொடுக்காதீங்க, கீழே நிறைய தேர்வுகளைச் சேருங்க, அதிகம் பேரை முயற்சி பண்ணுங்க.

இப்போ லீக் வீரர்களோட தோள் கவசத்துல சிப் இருக்கு. விநாடிக்கு 10 தடவை யார் எங்க இருக்காங்கன்னு பதிவாகுது. பந்து தன் பக்கம் வராத கார்னர்பேக் எவ்வளவு ஒட்டி நின்னான்னு இப்போ பார்க்க முடியும். அந்த டேட்டாவுல ஒரு பகுதியை வெச்சு 'பிக் டேட்டா பௌல்'னு லீக் வருஷா வருஷம் போட்டி நடத்துது. 2024 தலைப்பே டாக்கிள், அதாவது ஆளைப் பிடிச்சு நிறுத்துறது. யார் வேணும்னாலும் கலந்துக்கலாம், நம்ம பசங்களும்தான். பழைய காலிக் கட்டங்கள் கொஞ்சம் கொஞ்சமா நிரம்புது, சந்தோஷம்.

ஆனா சிப் இருக்கிறது பெரிய மைதானத்துல. சின்னக் கல்லூரி மைதானத்துல ஆடுற பையனுக்கு இன்னைக்கும் யாராவது ஒருத்தர் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தாத்தான் உண்டு. நம்மள்ல பல பேர் ஆளை வடிகட்டுற சாஃப்ட்வேர் எழுதுறோம், சில பேர் இன்டர்வியூவும் எடுக்கிறோம். அடுத்த தடவை ஒரு வரிசையில எண் இல்லைன்னா, அதை 0ன்னு நிரப்புற முன்னாடி, யாராவது போய்ப் பார்த்தாங்களான்னு ஒரு கேள்வி கேளுங்க.